யாரும் கேட்காதபோது கொடுக்கும் ரத்தம்

வாட்ஸ்அப் வைத்திருக்கும் எல்லோருக்கும் இந்தச் செய்தி பழக்கம். "மிக அவசரம். ஓ நெகட்டிவ் ரத்தம் உடனே தேவை. நாளை காலை ஆபரேஷன். தயவுசெய்து பகிரவும்." கீழே ஒரு கைபேசி எண். தேதி இருக்காது. ஊர்ப் பெயர் சில நேரம் இருக்கும், பல நேரம் இருக்காது. அனுப்பியவர் நம் சித்தப்பாவாக இருப்பார். அவருக்கு யார் அனுப்பியது என்று அவருக்கே தெரியாது. ஒருமுறை அப்படி வந்த எண்ணுக்கு அழைத்தேன். எதிர்முனையில் இருந்தவர் சலிப்பாக, "சார், அது போன வருஷம் சார். அம்மா நல்லாயி வீட்டுக்கு வந்து, பேரனுக்கு மொட்டையும் அடிச்சாச்சு. இன்னும் போன் வந்துக்கிட்டே இருக்கு" என்றார்.

கிண்டல் செய்வதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தச் செய்தியை முதலில் எழுதியவர் ஏதோ ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு, கை நடுங்க எழுதியிருப்பார். அவர்மேல் தப்பே இல்லை. நோயாளியை மேசையில் கிடத்திவிட்டு, அதற்கப்புறம் ரத்தம் கொடுக்க ஆள் தேடும் ஏற்பாடுதான் எனக்குப் பிடிக்கவில்லை. ரத்ததானம் நல்லது என்பதில் யாருக்கும் தகராறு கிடையாது. ஆட்டோவின் முதுகிலிருந்து கல்லூரிச் சுவர் வரை எழுதிப் போட்டிருக்கிறார்கள். எப்போது கொடுக்கிறோம் என்பதை மட்டும் யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. எனக்கு விஷயமே அதில்தான் இருக்கிறது என்று படுகிறது.

இதை எனக்குப் புரியவைத்தது என் தங்கையின் இரண்டாவது பிரசவம்.

மதுரைக்குத் தெற்கே ஒரு சிறிய ஊர், தனியார் மருத்துவமனை. சுகப்பிரசவம். குழந்தையைத் துடைத்துக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார்கள். யாரை விட்டுச் சேனை வைப்பது என்று அம்மாவும் தங்கையின் மாமியாரும் ஒருவரையொருவர் மடக்கிக்கொண்டிருந்தார்கள். அப்போது நர்ஸ் வெளியே வந்து, "இந்தப் பேஷண்ட் கூட வந்த ஆம்பளைங்க யாரு?" என்றார். கர்ப்பப்பை சுருங்கவில்லை, ரத்தம் நிற்கவில்லை. கையில் ஒரு படிவத்தையும் ரத்த மாதிரி எடுத்த சின்னக் குழாயையும் திணித்தார். "ஏ பாசிடிவ், ரெண்டு யூனிட். சீக்கிரம் போயிட்டு வாங்க."

நிறைமாதத்தில் ஒரு பெண்ணின் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் ஓடுகிறது. நஞ்சுக்கொடி பிரிந்ததும் கர்ப்பப்பை தன்னை இறுக்கிக்கொண்டு அந்த வாய்களை எல்லாம் அடைக்க வேண்டும். அடைக்காவிட்டால், காலையில் நடந்து வந்து படுத்த ஆரோக்கியமான பெண்ணை இரண்டு மணி நேரத்தில் இழந்துவிடலாம். இந்தியாவில் பேறுகால மரணங்களுக்கு ரத்தப்போக்குதான் முதன்மையான காரணம். இதெல்லாம் அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டது. அன்றைக்கு நர்ஸின் முகத்தைப் பார்த்ததே போதுமாக இருந்தது.

மாப்பிள்ளையால் வண்டி ஓட்ட முடியவில்லை. நான் எடுத்தேன். அவர் பின்னால் உட்கார்ந்து போனில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். "டேய், ஏ பாசிடிவ் யாருடா நம்ம பசங்கள்ல?" நல்ல பையன்கள். சொன்ன மாத்திரத்தில் இரண்டு பைக்கில் நான்கு பேர் கிளம்பிவிட்டார்கள். நாங்கள் பக்கத்து ஊர் ரத்த வங்கிக்குப் போய், மாதிரியைக் கொடுத்து, அவர்கள் வகையை மறுபடி பார்த்து, கொடுக்கப்போகிற ரத்தம் அவள் ரத்தத்தோடு ஒத்துப்போகிறதா என்று கிராஸ்மேட்ச் போட்டு முடிக்கிற வரைக்கும் அந்தப் பையன்கள் வரவில்லை. ரயில்வே கேட் மூடியிருந்ததாம்.

"டோனர் இன்னும் வரலைங்க, வந்துட்டே இருக்காங்க" என்று மாப்பிள்ளை கெஞ்சலாகச் சொன்னார். டெக்னீஷியன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அவங்க அப்புறம் வரட்டும் சார். ஸ்டாக் இருக்கு. முதல்ல இதக் கொண்டு போங்க. ரொம்ப ஆட்டாமக் கொண்டு போங்க."

இரண்டு பைகள், தெர்மாகோல் பெட்டியில். போகிற வழியில் மாப்பிள்ளை பெட்டியை மடியில் வைத்துக்கொள்ள, மேலே ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தேன். வகை, ஓர் எண், எத்தனை மில்லி, எடுத்த தேதி, காலாவதித் தேதி. பெயர் இல்லை. எடுத்த தேதி ஏறக்குறைய மூன்று வாரம் முந்தையது, ஒரு ஞாயிற்றுக்கிழமை. அந்த ஞாயிற்றுக்கிழமை என் தங்கைக்கு எந்தக் குறையும் இல்லை. வளைகாப்பு வளையல் கையோடு எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து மாங்காய் தின்றுகொண்டிருந்திருப்பாள். அன்றைக்கு யாரோ ஒருவர் கறி எடுக்கப் போகிற வழியிலோ என்னவோ, ஒரு முகாமில் புகுந்து கையை நீட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

தங்கை பிழைத்தாள். அந்தப் பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டு எல்லோரையும் பாடாய்ப்படுத்துகிறான்.

அந்த நான்கு பையன்களும் வந்து சேர்ந்தார்கள், இருவர் ரத்தமும் கொடுத்தார்கள். ஆனால் ரத்தம் கையிலிருந்து எடுத்த வாக்கில் இன்னொருவர் கைக்குப் போவதில்லை. எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி, சிபிலிஸ், மலேரியா என்று ஐந்தையும் சோதித்தாக வேண்டும். அது சட்டம். அதற்குச் சில மணி நேரம் பிடிக்கும். ஆக, அந்தப் பையன்கள் ரயில்வே கேட்டில் மாட்டாமல் பறந்தே வந்திருந்தாலும் அவர்கள் ரத்தம் அன்றைக்கு என் தங்கைக்கு உதவியிருக்காது. உதவியது ஃப்ரிட்ஜில் இருந்தது.

பெரிய விபத்துகளிலும் இதே கதைதான். 2023 ஜூன் 2 அன்று ஷாலிமாரிலிருந்து சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ், ஒடிசாவின் பாலசோர் அருகே விபத்துக்குள்ளானது. அன்று இரவு பாலசோர் இளைஞர்கள் நூற்றுக்கணக்கில் ஆஸ்பத்திரி வாசலில் ரத்தம் கொடுக்க வரிசையில் நின்றார்கள். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் குண்டுவெடிப்பு அன்று கொழும்பு நாரஹேன்பிட்டியில் உள்ள ரத்த மையத்திலும் அப்படித்தான் கூட்டம். மனிதர்கள்மேல் நம்பிக்கை வருகிற காட்சிகள் இவை, மறுக்கவில்லை. ஆனாலும் முதல் சில மணி நேரத்தில் ஏற்றியது, விபத்து நடக்கும் என்று யாருக்கும் தெரியாத நாட்களில் எடுத்து வைத்த ரத்தம். வரிசையில் நின்றவர்களின் ரத்தம் அடுத்தடுத்த நாட்களுக்குப் பயன்பட்டிருக்கும்.

இதில் இன்னொரு பக்கம் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் "ரீப்ளேஸ்மெண்டுக்கு ரெண்டு டோனர் கூட்டிட்டு வாங்க" என்று சொல்வது நமக்குப் பழகிப்போயிற்று. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, எடுத்ததைத் திருப்பி வை என்பது போல. ஆனால் அப்படி வருகிற டோனரின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். சித்தி படுக்கையில் இருக்கிறார், சித்தப்பா பக்கத்தில் நிற்கிறார், மொத்தக் குடும்பமும் இவன் கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. படிவத்தில் கேள்வி வருகிறது: போன மாதம் காய்ச்சல் வந்ததா, ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா, பச்சை குத்தியிருக்கிறீர்களா, இன்னும் சில அந்தரங்கமான கேள்விகள். எத்தனை பேர் உண்மையைச் சொல்வார்கள்? எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று டிக் அடித்துவிட்டு ஊசிக்குக் கையை நீட்டிவிடுவார்கள். தானாக வருகிறவனுக்கு அந்த நெருக்கடி கிடையாது. சந்தேகம் இருந்தால் "அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்று எழுந்து போய்விடலாம். யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. தொற்று ஏற்பட்ட புதிதில் சில காலம் எந்தச் சோதனையிலும் அது பிடிபடாமல் போகலாம் என்பதால், சோதனைக்கு முன்னால் நம்மைக் காப்பது அந்தப் படிவத்தில் எழுதும் உண்மைதான்.

ஒரு காலத்தில் நிலைமை இதைவிட மோசம். இந்தியாவின் முதல் ரத்த வங்கி இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல், கல்கத்தாவில் தொடங்கியது. போர் முடிந்ததும் தானம் கொடுக்கும் ஆட்கள் குறைந்தார்கள், காசுக்குக் கொடுப்பவர்கள் அந்த இடத்துக்கு வந்தார்கள். பல ஊர்களில் பெரிய ஆஸ்பத்திரிகளைச் சுற்றி இதற்கென்றே புரோக்கர்கள் இருந்தார்கள். உடம்பில் ரத்தமே இல்லாதவன் சாப்பாட்டுக்காகவும் சாராயத்துக்காகவும் ரத்தம் விற்றுக்கொண்டிருந்தான். இதற்கிடையே 1986இல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் சென்னையில் கண்டறியப்பட்டன. டாக்டர் சுனிதி சாலமனும் அவரிடம் ஆய்வு மாணவியாக இருந்த செல்லப்பன் நிர்மலாவும் செய்த வேலை அது. ரத்தம் விற்கும் சந்தையும் இந்த வைரஸும் ஒரே ஊரில் இருப்பது எவ்வளவு ஆபத்து என்பது அதற்கப்புறம்தான் உறைத்தது. 'காமன் காஸ்' என்ற அமைப்பு தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஜனவரி 4 அன்று தீர்ப்புச் சொன்னது. 1998 ஜனவரி 1 முதல் காசு வாங்கிக்கொண்டு ரத்தம் கொடுப்பது நாட்டில் தடை.

தடை போட்டுவிட்டால் தேவை குறைந்துவிடுமா? அந்த இடத்தைத் தானாக வருகிறவர்கள் நிரப்ப வேண்டும். நிரப்பாத இடத்தில் "தம்பி முறை" என்று சொல்லிக்கொண்டு, வெளியே கைமாறிய பணத்தோடு ஒருவன் வந்து நிற்பான். நாம் போகாத ஒவ்வொரு இடத்திலும் அவன் நிற்கிறான் என்றுதான் நான் நினைத்துக்கொள்கிறேன். முடியாத காரியமும் இல்லை. இலங்கையில் 2014 முதல் சேகரிக்கும் ரத்தம் முழுவதும் தன்னார்வக் கொடையாளர்களிடமிருந்தே வருகிறது. அது ஏதோ பெரிய பணக்கார நாடு என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

சரி, போனால் என்ன நடக்கும்? போகாதவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பயம் முக்கால்வாசி தெரியாததால் வருவது.

வயது 18 முதல் 65 வரை. எடை 45 கிலோவுக்குக் குறையக் கூடாது. வெறும் வயிற்றில் போகக் கூடாது. எடை, ரத்த அழுத்தம், நாடி பார்ப்பார்கள். அப்புறம் மோதிர விரலில் ஒரு குத்து. மொத்தக் காரியத்திலும் எனக்குச் சுருக்கென்று வலிப்பது இந்த ஒரு குத்துதான். பல இடங்களில் இப்போது சின்ன மின்னணுக் கருவி வந்துவிட்டது. முகாம்களில் இன்னும் பழைய முறையையும் பார்க்கலாம். ஒரு கண்ணாடிக் குவளையில் மயில்துத்தக் கரைசல் இருக்கும், நல்ல நீல நிறம். மெல்லிய குழாயில் எடுத்த ரத்தத்தை அதன் மேலிருந்து ஒரு சொட்டு விடுவார்கள். சொட்டு உள்ளே போனதும் தன்னைச் சுற்றி ஒரு தோல் போர்த்திக்கொள்ளும், கலைந்து கரையாது. சிவப்பு மணியாக ஒரு கணம் தயங்கி நிற்கும். அப்புறம் நேராக அடிக்குப் போனால் ஹீமோகுளோபின் 12.5 கிராமுக்குக் குறையவில்லை என்று அர்த்தம். மிதந்தாலோ மேலே வந்தாலோ அன்றைக்கு ரத்தம் எடுக்க மாட்டார்கள். கரைசலின் அடர்த்தியை அந்த 12.5க்குத் தோதாக, 1.053 என்று அளந்து வைத்திருக்கிறார்கள். மின்சாரம் வேண்டாம், பேட்டரி வேண்டாம். இத்தனை எளிமையான சோதனையை யோசித்தவருக்கு ஒரு கும்பிடு.

என்னோடு வேலை செய்யும் ஓர் அக்காவை ஒருமுறை முகாமுக்கு அழைத்துப் போனேன். பயப்படுகிற ஆளே கிடையாது, ஆசையாக வந்தார். சொட்டு மிதந்தது. "ஏன் சிஸ்டர், என் ரத்தம் நல்லா இல்லியா?" என்று அவர் கேட்ட தொனி எனக்கு இன்னும் மறக்கவில்லை. அந்த நர்ஸ் பொறுமையாக உட்கார வைத்து, கீரை, பேரீச்சை, கடலை மிட்டாய் என்று சொல்லி, இரும்புச்சத்து மாத்திரைக்கு டாக்டரைப் பாருங்கள் என்றும் சொல்லி அனுப்பினார். தேசியக் குடும்ப நல ஆய்வின் 2019-21 கணக்குப்படி, 15 முதல் 49 வயதுப் பெண்களில் நாட்டில் 57 சதவீதம் பேருக்கும் தமிழ்நாட்டில் 53 சதவீதம் பேருக்கும் ரத்தசோகை. முகாம்களில் ஆண்களாகவே இருப்பதைப் பார்த்துவிட்டு "பொம்பளைங்க பயப்படுவாங்க" என்று பேசுகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு மீந்ததைச் சாப்பிடுகிற வழக்கம் முகாமில் நீலக் கரைசலில் வந்து மிதக்கிறது. அந்த அக்கா மாத்திரை சாப்பிட்டு, சில மாதம் கழித்து மறுபடி வந்தார். சொட்டு அடிக்குப் போனபோது அங்கிருந்த எல்லோரும் கைதட்டினோம்.

பிறகு கட்டில். மேல்கையில் பட்டை கட்டி, பந்து ஒன்றைக் கையில் கொடுத்து அமுக்கச் சொல்வார்கள். ஊசி கொஞ்சம் பெரியதுதான், பொய் சொல்ல மாட்டேன். பார்க்காமல் இருந்தால் நல்லது. ஊசி பையோடு சேர்ந்தே வருவது, புதியது. முடிந்ததும் வெட்டி எறிந்துவிடுவார்கள். ஆகவே கொடுப்பவருக்குத் தொற்று வருமோ என்ற பயம் தேவையே இல்லை. பை ஒரு சின்னத் தட்டில் இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டிருக்கும். உள்ளே இருக்கும் உறையாமருந்தோடு ரத்தம் கலப்பதற்காக அந்த ஆட்டம். 350 மில்லி, எடை 55 கிலோவுக்கு மேல் இருந்தால் 450 வரை எடுப்பார்கள். பத்து நிமிடம்கூட ஆகாது. முடிந்ததும் பிஸ்கட், ஜூஸ். கால் மணி நேரமாவது உட்கார்ந்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். விறைப்பாக உடனே எழுந்து நடக்கிற வாலிபர்கள்தான் வாசலில் மயங்கி விழுவார்கள்.

போன நீர்ப்பகுதி ஓரிரு நாளில் ஊறிவிடும். சிவப்பணுக்கள் பழைய அளவுக்கு வரச் சில வாரம் ஆகும். அதனால்தான் ஆண்களுக்கு மூன்று மாதம், பெண்களுக்கு நான்கு மாதம் இடைவெளி வைத்திருக்கிறார்கள்.

அங்கிருந்து ரத்தம் போகிற இடம் இன்னும் சுவாரஸ்யம். குளிரூட்டிய ஒரு இயந்திரத்தில் பையைப் போட்டுச் சுற்றுவார்கள். கனமான சிவப்பணுக்கள் அடியில் தங்கும், வைக்கோல் நிறத்தில் பிளாஸ்மா மேலே நிற்கும். இடையில் தட்டணுக்கள், நாம் பிளேட்லெட் என்று சொல்வது. மூன்றையும் தனித்தனிப் பையில் பிரித்துவிடுவார்கள். சிவப்பணுக்கள் ஃப்ரிட்ஜில் 35 முதல் 42 நாள் வரை தாங்கும். பிளாஸ்மாவை உறைய வைத்தால் ஒரு வருடம். தட்டணுக்கள் அப்படியல்ல. அறை வெப்பத்தில், ஓயாமல் ஆடும் தட்டில் வைத்திருந்தாலும் ஐந்தே நாள். அந்த ஐந்தில் முதல் நாள் சோதனையிலேயே போய்விடும்.

இந்த ஐந்து நாள் கணக்கைத் தெரிந்துகொண்டதிலிருந்து எனக்குப் பெரிய பெரிய முகாம்கள்மேல் கொஞ்சம் வருத்தம். தலைவர் பிறந்தநாள், நடிகர் பிறந்தநாள், கல்லூரி விழா. ஒரே நாளில் பந்தல் போட்டு, ஆயிரம் பேரை வரிசையில் நிறுத்தி, பேனர் வைத்து, போட்டோ எடுத்து. அந்தப் பையன்களின் மனசைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பேனர் கட்டுவதோடு நிற்காமல் கையையும் நீட்டுகிறார்களே, அதுவே பெரிது. ஆனால் ஒரே நாளில் எடுத்த தட்டணுக்கள் எல்லாம் ஒரே நாளில் காலாவதியாகும். சிவப்பணுக்களும் ஒன்றரை மாதத்தில் ஒரே நேரத்தில் முடியும். அந்த ஆயிரம் பேரும் அடுத்த மூன்று மாதத்துக்குக் கொடுக்க முடியாது. அவர்களில் பாதிப் பேர் வெவ்வேறு வாரங்களில் பத்துப் பத்துப் பேராகப் போயிருந்தால் ரத்த வங்கிக்காரர் நிம்மதியாகத் தூங்கியிருப்பார். போட்டோ நன்றாக வந்திருக்காது, அவ்வளவுதான்.

வறட்சிக்கும் ஒரு பருவம் இருக்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் கல்லூரிகள் மூடிவிடும். என்.எஸ்.எஸ். மாணவர்களை நம்பி நடக்கும் முகாம்களும் அதோடு நின்றுபோகும். வெயிலுக்குப் பயந்து மற்றவர்களும் வர மாட்டார்கள். பிரசவங்களும் விபத்துகளும் வெயில் பார்த்து நிற்குமா? மழைக்காலத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை, டெங்கு வந்து பிளேட்லெட்டுக்குத் தவிப்பு. இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: எண்ணிக்கை இறங்கியதுமே பிளேட்லெட் ஏற்றச் சொல்லி டாக்டரோடு சண்டை போடாதீர்கள். ரத்தக்கசிவு இல்லாதவருக்குப் பெரும்பாலும் பத்தாயிரத்துக்குக் கீழே போனால்தான் அதைப் பற்றியே யோசிப்பார்கள். சும்மா ஏற்றும் ஒவ்வொரு பையும் பக்கத்து வார்டில் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டு கிடக்கும் யாருக்கோ இல்லாமல் போகிறது.

"என்னோடது ஓ பாசிடிவ்தானே, ஊர்ல எல்லாருக்கும் இருக்கும், நெகட்டிவ் ஆளுங்க குடுக்கட்டும்" என்று ஒரு நண்பர் வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். நம் நாட்டில் நெகட்டிவ் வகையினர் நூற்றுக்குச் சுமார் ஐந்து பேர்தான், அவர்கள் தேவைப்படுவது உண்மை. ஆனால் ஊரில் எல்லோருக்கும் ஓ பாசிடிவ் என்றால், ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர்களிலும் அவர்கள்தானே அதிகம்? கவுண்டரில் அதிகம் கேட்பதும் அதிகம் தீர்ந்துபோவதும் இந்தச் சாதாரண வகைகள்தான். அபூர்வம் என்றால் பாம்பே குரூப்பைச் சொல்ல வேண்டும். 1952இல் டாக்டர் பெண்டே குழுவினர் பம்பாயில் கண்டுபிடித்தது. இந்தியாவில் சுமார் பத்தாயிரம் பேரில் ஒருவருக்கு. சாதாரணச் சோதனையில் ஓ என்றே காட்டும். ஆனால் ஓ ரத்தம் ஏற்றினால் உடம்பு ஏற்காது. இன்னொரு பாம்பே குரூப்காரரிடமிருந்துதான் வாங்க முடியும். அவர்கள் தங்களுக்குள் தொடர்பு வைத்துக்கொண்டு, ஓர் ஊரில் கேட்டால் இன்னோர் ஊரிலிருந்து கிளம்பிப் போகிறார்கள். கிராஸ்மேட்ச் ஏன் அவ்வளவு நேரம் எடுக்கிறது என்று கவுண்டரில் கத்துகிறவர்கள் இதை ஒரு நிமிடம் நினைக்கலாம்.

அவசரமே இல்லாமல் ரத்தம் தேவைப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். தலசீமியா குழந்தைகளைச் சொல்கிறேன். அவர்கள் உடம்பு சரியான ஹீமோகுளோபினைச் செய்வதில்லை. இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றியாக வேண்டும், வாழ்நாள் முழுக்க. எலும்பு மஜ்ஜை மாற்றினால் குணமாகலாம். வேலூர் சி.எம்.சி.யில் 1986இலேயே ஒரு தலசீமியா குழந்தைக்கு அதைச் செய்தார்கள். ஆனால் பொருந்துகிற மஜ்ஜை எல்லோருக்கும் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் செலவு. ஒரு தலசீமியா பையனின் அப்பா என்னிடம் சொன்னது: "மத்தவங்களுக்கு மாசம் பொறந்தா மளிகை லிஸ்ட் சார். எங்களுக்கு அதோட ரெண்டு யூனிட்." எத்தனை மாதம் சொந்தக்காரர்களைக் கூப்பிட முடியும்? ஒரு வருடத்தில் சொந்தம் தீர்ந்துவிடும். இவர்களுக்காக யாரும் வாட்ஸ்அப்பில் 'மிக அவசரம்' என்று போடுவதில்லை. வழக்கமாகக் கொடுக்கிறவர்கள்தான் இவர்களுக்கு ஆதாரம்.

"உனக்கு என்ன கிடைக்குது?" என்று வீட்டில் கேட்பார்கள். "பழைய ரத்தம் போய்ப் புது ரத்தம் ஊறும், ஹார்ட் அட்டாக் வராது" என்று சொல்லி ஆள் சேர்ப்பவர்களை நான் நம்புவதில்லை. சிவப்பணுக்கள் எப்படியும் 120 நாளில் செத்துப் புதிது வரத்தான் செய்யும், அதற்கு முகாம் வேண்டாம். மாரடைப்பு வராது என்று உறுதி சொல்வதற்கும் ஆதாரம் போதாது. உள்ளபடி கையில் கிடைப்பது ஒரு சான்றிதழ், ஒரு பிஸ்கட் பாக்கெட், ரத்த அழுத்தம் எவ்வளவு என்ற தகவல்.

எனக்குப் பிடித்தது வேறு. நம் ஊர்க் கோவிலில் ஒரு ட்யூப் லைட் வாங்கிக் கொடுத்தால்கூட 'உபயம்' என்று வெளிச்சம் மறைகிற அளவுக்குப் பெயர் எழுதிவிடுவோம். ரத்தப் பையில் அதற்கு இடமில்லை. யாருக்குப் போகிறது என்று எனக்குத் தெரியாது, யாரிடமிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியாது. அவர் எனக்கு நன்றி சொல்ல வேண்டியதில்லை, நான் அடக்கமாக "இருக்கட்டும்ங்க" என்று நெளிய வேண்டியதில்லை. அவர் என்ன சாதி, எந்தக் கட்சி, நல்லவரா என்று ஒரு யோசனையும் இல்லாமல் முடிந்துபோகிற கொடுக்கல் வாங்கல் நம் ஊரில் வேறு எத்தனை இருக்கிறது?

ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் ஹாரிசனைப் பற்றிப் படித்திருப்பீர்கள். 14 வயதில் நெஞ்சில் பெரிய அறுவை சிகிச்சை, நிறைய ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. 18 ஆனதும் கொடுக்கத் தொடங்கினார். அவர் பிளாஸ்மாவில் ஆன்டி-டி என்ற அரிதான எதிர்ப்பொருள் இருந்தது. ஆர்ஹெச் நெகட்டிவ் தாயின் உடம்பு, பாசிடிவ் சிசுவைத் தாக்காமல் தடுக்கும் மருந்தை அதிலிருந்து செய்தார்கள். 81 வயதில், 2018இல் நிறுத்தும்வரை 1,173 முறை கொடுத்தார். 24 லட்சம் குழந்தைகளைக் காக்க அது உதவியதாக அந்நாட்டில் கணக்கிடுகிறார்கள். 2025 பிப்ரவரியில் காலமானார். எனக்கு அவரிடம் பிடித்தது அந்த எண்கள் இல்லை. அத்தனை முறையும் ஊசி உள்ளே போவதை அவர் பார்த்ததே கிடையாதாம். முகத்தைத் திருப்பிக்கொள்வாராம். கடைசிவரைக்கும் பயம் போகவில்லை, போவதையும் நிறுத்தவில்லை.

இனி அந்தச் செய்தி உங்கள் குழுவில் வந்தால், பகிர்வதற்கு முன்னால் அந்த எண்ணுக்கு ஒருமுறை அழைத்துவிடுங்கள். ஈ-ரக்தகோஷ் என்று மத்திய அரசின் தளம் ஒன்று இருக்கிறது. எந்த ரத்த வங்கியில் எந்த வகை இருப்பில் இருக்கிறது, பக்கத்தில் எங்கே முகாம் என்று அதில் பார்க்கலாம். முகாமுக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மருத்துவக் கல்லூரிகளிலும் ரத்த வங்கி இருக்கும். வாரத்தின் நடுவில், காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டு, நிறையத் தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள். "யாருக்குங்க?" என்று கவுண்டரில் கேட்பார்கள், பழக்கதோஷம். "யாருக்கும் இல்லைங்க, சும்மா குடுக்க வந்தேன்" என்று சொன்னால் உள்ளே உட்காரச் சொல்லி ஃபேனைப் போடுவார்கள்.